பெட்டிக்குள் இருந்த விருந்தாளி

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். ரத்த உறவு ஒன்றும் கிடையாது, தெரு உறவுதான். மதுரையின் பழைய தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இந்த உறவின் கனம் தெரியும். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் அவர் என்னை வாசலில் வழிமறித்து, "ஏன் தம்பி, பிரெஞ்சு எழுத்து உனக்குப் படிக்கத் தெரியுமாமே?" என்று கேட்டார்.

கல்லூரியில் நான் இரண்டாவது மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவன். மார்க்கு நிறைய விழும் என்று யாரோ சொன்னார்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. "ஏதோ கொஞ்சம் தெரியும்" என்றேன்.

"கொஞ்சம் தெரிஞ்சாப் போதும். உள்ளே வா" என்றார்.

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். எனக்குக் கொஞ்சம் கலவரமாகிவிட்டது. பிறகு பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து, மேலேயிருந்த பட்டுப் புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, அடியிலிருந்து ஒரு துண்டுச் சுருளைத் தூக்கினார். அதைப் பிரித்தபோது உள்ளேயிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டில் எட்டிப் பார்த்தது. உருக்கிய நெய்யின் நிறத்தில் அதற்குள் ஏதோ தளும்பிற்று.

"என்ன பெரியம்மா இது?"

"அதைத்தான் உன்கிட்ட கேக்கிறேன். சம்பந்தி வீட்டுச் சீர்" என்றார்.

பெரியம்மாவின் ஒரே பெண் பிரான்சு தேசத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒரு பிரெஞ்சுப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். முதலில் அழுகையும் பட்டினியுமாகக் கொஞ்ச நாள் ஓடி, பிறகு மாப்பிள்ளை நேரில் வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது. அப்படி வந்தபோது அவர் தம் பெற்றோர் அனுப்பியதாகச் சொல்லி இந்தப் பாட்டிலை நீட்டியிருக்கிறார்.

"மருமகப் பிள்ளை ரெண்டு கையாலயும் நீட்டுறாரு. வாங்காம இருக்க முடியுமா? வாங்கிட்டேன். பூஜை அலமாரிக்குப் பக்கத்துல வைக்க மனசு வரல. தூக்கிப் போட்டா சம்பந்திக்கு அவமரியாதை. அதனால பெட்டியில போட்டுப் பூட்டினேன். இப்ப தை மாசம் பொங்கலுக்கு அவங்களே வர்றாங்களாம். அவங்க குடுத்ததை அவங்க முன்னால எடுத்து வைக்க வேணாமா? இது என்ன, எப்படி வைக்கணும், இதுக்குக் கூட என்ன சமைக்கணும்னு விசாரிச்சுச் சொல்லு."

அவர் இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியப்பா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. அவரைக் கொண்டுபோனது எது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மாதச் சம்பளம் வீடு வந்து சேராத காலம் ஒன்று இருந்தது. அந்த நாட்களில்தான் பெரியம்மா தையல் மிஷின் வாங்கினார். அப்படிப்பட்ட வீட்டில், பட்டுப் புடவைக்கு அடியில், ஒரு வருஷமாக ஒரு மதுப் பாட்டில் குடியிருந்திருக்கிறது!

பாட்டிலின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். "மியூஸ்கா த ரிவ்சால்ட்" என்று போட்டிருந்தது.

"ரிவ்சால்ட் என்பது ஊர்ப் பெயர். மியூஸ்கா என்பது திராட்சையின் பெயர். இங்கிலீஷில் மஸ்கட் என்பார்கள்."

"மஸ்கட்டா? எங்க அண்ணன் மகன் அங்கதானே வேலை பாக்குறான்!"

"அந்த மஸ்கட் வேறே, பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

அந்த ஒரு வாரத்தில் நான் தெரிந்துகொண்டது இதுதான்.

பிரான்சின் தெற்குக் கோடியில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி, பைரனீஸ் மலைக்கும் கடலுக்கும் நடுவே ருசியோன் என்றொரு சீமை இருக்கிறது. பெர்ப்பின்யான் அதன் தலைநகர். ரிவ்சால்ட் அதற்குப் பக்கத்து ஊர். நல்ல வெயில், கல்லும் காற்றும் நிறைந்த பூமி. அங்கே விளையும் இரண்டு வகை மஸ்கட் திராட்சைகளிலிருந்து இந்த வெள்ளை ஒயினைச் செய்கிறார்கள். அந்த வட்டாரத்தில், வகுத்த முறைப்படி செய்ததற்கு மட்டுமே இந்தப் பெயரைப் போடலாம் என்று 1956-ல் பிரெஞ்சு அரசாங்கம் சட்டம் செய்தது. நம் மதுரை மல்லிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்களே, அதே மாதிரி.

வெள்ளை ஒயின் என்றால் வெள்ளைத் திராட்சையில்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். பெரும்பாலான திராட்சைகளின் சாறு நிறமில்லாததுதான். நிறமெல்லாம் தோலில் இருக்கிறது. தோலோடு சேர்த்துப் புளிக்கவைத்தால் சிவப்பு ஒயின். பிழிந்து, தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் புளிக்கவைத்தால் வெள்ளை ஒயின். தோலில் துவர்ப்பும் இருப்பதால் சிவப்பு துவர்க்கும், வெள்ளை துவர்ப்பதில்லை.

புளிப்பது எப்படி என்பதை இட்லிக்கு மாவு அரைக்கும் வீட்டில் விளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகள் ராத்திரியெல்லாம் வேலை செய்து மாவைப் பொங்க வைக்கின்றன. திராட்சைச் சாற்றிலும் அவ்விதமே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று மதுசாரமாக மாற்றுகிறது. சர்க்கரை முழுவதும் தீர்ந்தால் ஒயினில் இனிப்பே இருக்காது. ரிவ்சால்ட்காரர்கள் பாதி வழியிலேயே கொஞ்சம் சுத்தமான சாராயத்தை அதில் ஊற்றிவிடுகிறார்கள். ஈஸ்ட் அதோடு செத்துப்போகிறது. மிச்சமுள்ள சர்க்கரை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு லிட்டருக்கு 100 கிராமாவது சர்க்கரை இருக்க வேண்டும் என்பது விதி. மதுசாரம் நூற்றுக்கு 15 பங்கு. அதாவது, சாதாரண பீரைப் போல மூன்று பங்கு. இனிக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் இதைச் சாப்பாட்டோடு சொம்பு சொம்பாகக் குடிப்பதில்லை. நன்றாகக் குளிரவைத்து, சாப்பாட்டுக்கு முன்னாலோ, கடைசியில் பழத்தோடோ, சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்வார்கள். எலுமிச்சை போட்ட பணியாரங்கள், பழம் பதித்த பலகாரங்கள், உப்புக் கரிக்கும் ரோக்ஃபோர் என்னும் பாலாடைக்கட்டி ஆகியவை இதற்குப் பொருத்தமாம்.

இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. லுவார் நதி கடலில் விழும் நாந்த் நகரத்துப் பக்கம் "மியூஸ்கதே" என்று ஒரு வெள்ளை ஒயின் செய்கிறார்கள். பெயர்தான் ஒரே மாதிரி. திராட்சை வேறு, குணம் வேறு. அதில் இனிப்பு கிடையாது, நல்ல புளிப்பு. சிப்பியும் மீனும் அதன் கூட்டாளிகள். வறுத்த மீனுக்கு நாம் எலுமிச்சம்பழம் பிழிகிறோமே, அந்த வேலையை அது செய்கிறது. ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றொன்றுக்குச் சமைத்தால் விருந்து கெட்டுவிடும்.

இவ்வளவும் சேகரித்த பிறகுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்ட சங்கதி தட்டுப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிறதே கறுப்புப் பன்னீர்த் திராட்சை, அதன் சாஸ்திரப் பெயர் "மஸ்கட் ஹாம்பர்க்". அதன் பெற்றோரில் ஒன்று "மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா". ரிவ்சால்ட் ஒயினில் சேரும் இரண்டு திராட்சைகளில் ஒன்றும் அதுவேதான்! பெரியம்மா பெட்டியில் பூட்டி வைத்திருந்த அந்நிய தேசத்து விருந்தாளி, சுருளிப்பட்டித் தோட்டத்துக்கு நெருங்கிய பந்து.

கம்பம் பக்கத்துக்குத் திராட்சை வந்த வரலாறும் சுவையானதுதான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பழத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். 1895-ல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் அந்தப் பள்ளத்தாக்கை வளப்படுத்திற்று. கம்பம், கூடலூர், சுருளிப்பட்டிப் பக்கமெல்லாம் 1996 வரை நம் மதுரை ஜில்லாதான். அப்புறம்தான் தேனி தனி மாவட்டமாயிற்று. 2023-ல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

பன்னீர் என்ற பெயரை எந்த மகானுபாவன் வைத்தானோ, அவன் மூக்குக்குத் தங்கத்தால் கவசம் செய்து போடலாம். மஸ்கட் வகைத் திராட்சையின் வாசனைக்குக் காரணமாயுள்ள ஜெரானியால், லினலூல் என்னும் பொருள்கள் ரோஜாப் பூவிலும் இருக்கின்றன என்று ரசாயன சாஸ்திரிகள் கண்டிருக்கிறார்கள். பன்னீரும் ரோஜாவிலிருந்து இறக்குவதுதானே? இன்னொன்றும் கேளுங்கள்: நாம் குழம்புக்கு வறுத்து அரைக்கும் கொத்தமல்லி விதையின் எண்ணெயில் பெரும்பங்கு இந்த லினலூல்தான்.

ஒரு வாரம் கழித்துப் பெரியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அப்ப நம்ம அண்ணன் தோட்டத்துப் பழந்தான்னு சொல்லு" என்றார். அவருடைய பிறந்த வீடு சுருளிப்பட்டிப் பக்கம்; அண்ணன் அங்கே பந்தல் போட்டுத் திராட்சை வைத்திருக்கிறார்.

"சித்தப்பா மகன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"நம்ம ஊருக்கு இந்தச் சனியன் எல்லாம் எப்பத்தான் வந்துச்சோ!"

"அது ரொம்பப் பழைய கதை, பெரியம்மா. யவனர்கள் நல்ல ஜாடிகளில் கொண்டுவந்த குளிர்ந்த வாசனை மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தி மகிழ்வாயாக என்று நம் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியிருக்கிறார். புறநானூற்றில் 56-ஆம் பாட்டு. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளத்திலே தோண்டியபோது அந்த ஜாடிகளின் ஓடுகள்கூட அகப்பட்டிருக்கின்றன."

"ராஜாவுக்கு என்ன, பொற்கிண்ணம். அவர் பொண்டாட்டி தையல் மிஷின் மிதிச்சாளான்னு பாட்டுல இருக்கா?" என்றார் பெரியம்மா.

நக்கீரரை அதற்குமேல் நான் இழுக்கவில்லை.

"சரி, சமையலைச் சொல்லு."

சமையலைச் சொன்னேன். பொருத்தம் பார்ப்பதற்கு நாலு விதிகள் இருக்கின்றன. முதலாவது, பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. ஜாங்கிரியைத் தின்றுவிட்டுக் காப்பி குடித்தால் காப்பி கசக்கிறதே, அந்தக் கதையாகிவிடும். இரண்டாவது, மிளகாய்க் காரத்தை மதுசாரம் தூக்கிக் கொடுக்கும். நாக்கு இன்னும் எரியும். ஆகையால் நம் ஊர் மட்டன் சுக்காவையும் அயிரை மீன் குழம்பையும் அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. மூன்றாவது, உப்பும் கொழுப்பும் இனிப்புக்கு நல்ல ஜோடி; வறுத்த முந்திரி, வெண்ணெய்ச் சீடை போன்றவை. நான்காவது, ஒரே வாசனையுள்ளவை ஒன்றோடொன்று பேசும். கொத்தமல்லி விதை தூக்கலாக, தேங்காய்ப்பால் விட்டு, மிளகாயை அடக்கிச் செய்த கோழிக் குழம்பும் ஆப்பமும் பேஷாக இருக்கும். கடைசியில் சர்க்கரை குறைத்த இளநீர்ப் பாயசம்.

யோசித்துப் பார்த்தால் இந்த விதிகளில் நமக்குப் புதிது ஒன்றுமில்லை. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி, தயிர்ச் சாதத்துக்கு நார்த்தங்காய், கறி தின்ற நாக்கைக் கழுவ ரசம் என்று நம் பாட்டிமார் வகுத்து வைத்ததும் இதே சாஸ்திரம்தான். பிரெஞ்சுக்காரன் அதை ஒயினை வைத்துக்கொண்டு செய்கிறான். நாம் ரசத்தையும் மோரையும் வைத்துக்கொண்டு செய்கிறோம்.

பெரியம்மா எல்லாவற்றையும் மனத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "பத்திரிகைக்காரனா இல்லாம, என் பிள்ளையா ஒண்ணு சொல்லு. ஒயினு உடம்புக்கு நல்லதுன்னு என் பொண்ணு சொல்றா. நெசமா?"

"அப்படி ஒரு பேச்சு வெகு நாள் இருந்தது. ஆனால் எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது" என்றேன்.

அவர் சுண்டைக்காய்த் தட்டை நகர்த்தி வைத்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்க பெரியப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கு, இந்த வாடை இனிமே இந்த நிலைப்படி தாண்டி உள்ளே வரக்கூடாதுன்னு சத்தியம் பண்ணினேன், தம்பி. மூடி திறக்காத வரைக்கும் சத்தியம் முறியலேன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டு இருக்கேன். சம்பந்தி மரியாதை பெரிசா, சத்தியம் பெரிசா?"

கல்லூரியில் படித்தவை எதுவும் இந்தக் கேள்விக்கு உதவவில்லை. "விருந்தாளியிடம் உண்மையைச் சொன்னால் அது அவமரியாதை ஆகாது, பெரியம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். சரியாகத்தான் சொன்னோமா என்று பொங்கல் வரையில் எனக்குச் சந்தேகம்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மத்தியானம் என்னையும் சாப்பிட அழைத்திருந்தார். சம்பந்தியும் சம்பந்தியம்மாளும் வாழை இலைக்கு முன்னால் நாற்காலியில் மிகவும் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். இலையைப் பார்த்தேன், ஆச்சரியப்பட்டேன். வறுத்த முந்திரி, வெண்ணெய்ச் சீடை, ஆப்பம், மல்லி வாசனை கமகமவென்று வீசும் கோழிக் குழம்பு, இளநீர்ப் பாயசம். நான் சொன்ன பட்டியல் அப்படியே இருந்தது. ஒவ்வொரு இலைக்குப் பக்கத்திலும் ஒரு கண்ணாடித் தம்ளர் காலியாக வைக்கப்பட்டிருந்தது. மேஜை நடுவில் அந்தப் பாட்டில், மூடி திறக்காமல், துண்டில்லாமல், முதல் தடவையாக வெளிச்சத்தில் நின்றது.

பெரியம்மா பெண்ணைப் பார்த்து, "நான் சொல்றதை அப்படியே சொல்லு" என்றார். பிறகு, "நீங்க அனுப்பினதை ஒரு வருஷமாப் பத்திரமா வெச்சிருக்கேன். ஆனா இந்த வீட்டுல இதைத் திறக்க முடியல. என் வீட்டுக்காரரை நான் இதுக்குத்தான் குடுத்தேன். கோவிச்சுக்கப்படாது" என்றார்.

பெண்ணுக்குப் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. மிச்சத்தை மாப்பிள்ளைதான் மொழிபெயர்த்தார்.

சம்பந்தியம்மாள் பதில் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து பாட்டிலை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்; அவர் அதைக் கொண்டுபோய் வாசலில் நின்ற காரில் வைத்துவிட்டு வந்தார். அப்புறம் அந்த அம்மாள் தம்முடைய காலித் தம்ளரைப் பெரியம்மாவிடம் நீட்டினார். என்ன கொடுத்தாலும் குடிக்கிறேன் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாஷை கிடையாது.

பெரியம்மா உள்ளே போய் ஒரு பித்தளைச் செம்போடு வந்தார். அதில் பன்னீர்த் திராட்சைச் சாறு, சில்லென்று இருந்தது. அண்ணன் முந்தின நாள் சாயங்காலம் பறித்து ராத்திரி பஸ்ஸில் அனுப்பிய பழம். இதைச் செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை. பழத்தைக் காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, விதை உடையாமல் கையால் பிசைந்து, துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துக் குளிரவைக்க வேண்டியது. தண்ணீர் விடக் கூடாது, சர்க்கரை வேண்டாம். அன்றைக்கே குடித்துவிட வேண்டும். வெளியில் வைத்துவிட்டு மறந்தால், மேலே சொன்ன நுண்ணுயிர்கள் வந்து தங்கள் தொழிலை ஆரம்பித்துவிடும்!

சம்பந்தி ஐயா தம்ளரை வாயருகே கொண்டுபோனார், குடிக்கவில்லை. மூக்கை வைத்து ஒரு தடவை முகர்ந்தார். புருவம் உயர்ந்தது. இன்னொரு தடவை முகர்ந்தார்.

"மியூஸ்கா!" என்றார்.

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க. எங்க அண்ணன் தோட்டத்து மியூஸ்கா" என்று தமிழிலேயே பதில் சொல்லி, அவருடைய இலையில் இன்னொரு ஆப்பம் வைத்தார்.

அதற்குப் பிறகு அங்கே மொழிபெயர்ப்புக்கு வேலையே இருக்கவில்லை. செம்பு இரண்டு தடவை நிறைந்து காலியாயிற்று. மறுநாள் எல்லோருமாகக் கார் வைத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனார்கள். பந்தலின் நிழலில் நின்றுகொண்டு இரண்டு கிழவர்களும் கொடியைக் கவாத்துச் செய்யும் முறையைப் பற்றிக் கையாலேயே வெகு நேரம் விவாதித்தார்களாம். மழை பெய்தால் பழம் வெடித்துப்போகிறது, தோல் மெல்லிசு ஆகையால் அதிக நாள் தாங்குவதில்லை, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் காய்த்துவிட்டால் வியாபாரி சொன்னதுதான் விலை என்று அண்ணன் குறைப்பட்டுக்கொண்டபோது, சம்பந்தி ஐயா பெருமூச்சு விட்டாராம். அந்தப் பெருமூச்சுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

பாட்டில் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? வந்த வழியே, மாப்பிள்ளையின் பெட்டியில், பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டது. காலியான டிரங்குப் பெட்டியில் இப்போது பட்டுப் புடவைகள் தாராளமாகப் படுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அடியில், அதே துண்டில் சுற்றி, சம்பந்தியம்மாள் தம் கையால் பின்னிக் கொடுத்த ஒரு மேஜை விரிப்பு இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமானால் கதவையும் ஜன்னலையும் சாத்த வேண்டியதில்லை. போகிறவர் வருகிறவர் எல்லோரையும் பெரியம்மாவே கூப்பிட்டுக் காட்டுகிறார்.